ஸ்கூகொக் கரைக்கு ஒரு தூண்டிற்கோல்

நோர்வூட்
பங்குனி மாதம்

அன்பின் கணேசன்,

உன் கடிதம் கிடைத்தது. கனடாவில், போர்ட் பெரியில் மகனுடைய வீட்டிலிருந்து ஸ்கூகொக் ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்று எழுதியிருந்தாய். அந்த ஊரில் உனக்குப் பொழுது எப்படிப் போகுமோ என்று எனக்கிருந்த கவலையில் பாதி அதைப் படித்ததும் தீர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாசியிலிருந்து மழை இல்லாததால் தோட்டங்களில் கொழுந்து குறைந்துவிட்டது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர்கள் மறுபடியும் வெளியே தெரிகின்றன. ஹட்டனிலிருந்து கூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கரையில் நின்று பெருவாய் பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிக்கக் கோல் வாங்கப் போய், கடையில் சுவர் முழுவதும் சாத்தி வைத்திருந்த தூண்டிற்கோல்களைப் பார்த்து மலைத்து, ஒன்றும் வாங்காமல் திரும்பியதாக எழுதியிருக்கிறாய். அது நல்லதாகவே முடிந்தது. பீட்டர்பரோவில் மகளுடன் தங்கியிருந்த கோடைகளில் ஒட்டனபீ ஆற்றங்கரையில் நான் பழகியதை வைத்துச் சொல்கிறேன்: அந்தக் கடைகளில் இருக்கும் சாமான்களில் பெரும்பகுதி படகு வைத்திருப்பவர்களுக்கானது. படகுக்காரர் ஐந்தாறு கோல்களில் ஐந்தாறு வகை இரையைக் கட்டி வைத்துக்கொண்டு, இடத்துக்கு ஏற்ற ஒன்றை எடுத்து வீசுவார். கரையில் நிற்பவனோ எல்லாவற்றையும் தோளில் சுமந்து நடக்க வேண்டியவன். சுமை கூடினால் நடை குறையும், நடை குறைந்தால் மீன் இருக்கும் இடத்துக்கு அவன் போய்ச் சேர மாட்டான். ஆகவே ஒரு கோல், நூல் சுற்றும் ரீல் ஒன்று, ஒரு சிறிய தோள்பை, இதற்கு மேல் முதல் வருடத்தில் உனக்கு எதுவும் தேவையில்லை.

கோலின் அடிப்பகுதியில், பிடிக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில் அதன் நீளமும் வலுவும் எழுதப்பட்டிருக்கும். ஆறரை முதல் ஏழு அடி வரை நீளம், ‘மீடியம்’ வலு, ‘ஃபாஸ்ட்’ என்று குறித்த வளைவு, இந்த மூன்றையும் பார்த்து எடு. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும், நடுப்பகுதி விறைப்பாக நிற்கும். மீன் கடிப்பது கைக்கு உடனே தெரிவதும், முள் அதன் வாயில் ஆழப் பதிவதும் அதனால்தான். ஏழடிக் கோல் இரையைத் தூரமாக வீசும். ஆனால் உனக்குப் பின்னால் மரமும் புதரும் நெருங்கியிருந்தால் ஆறரை அடிதான் வசதி. முதலில் கரையைப் பார்த்துவிட்டு முடிவு செய். அதே இடத்தில், கோல் தாங்கும் நூலின் பலம் 6 முதல் 12 இறாத்தல் வரை என்றும், இரையின் எடை கால் அவுன்ஸ் முதல் அரை அவுன்ஸைச் சற்றுத் தாண்டும் வரை என்றும் இருந்தால் சரியானதைத்தான் பிடித்திருக்கிறாய். இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியதாக வாங்கினால் காரின் பின்பக்கத்தில் அடங்கும். 1976 முதல் விற்பனையில் இருக்கும் அக்லி ஸ்டிக் கோல்கள் விலையும் குறைவு, முரட்டுக் கையையும் தாங்கும். மெல்லிய கிராஃபைட் கோல்களைக் காட்டி அதிக விலை சொல்வார்கள். அவை கைக்கு அருமையாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் கார்க் கதவில் ஒரு முறை நசுங்கினால் போதும், முடிந்தது.

ரீலைப் பொறுத்தவரை, கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல்தான் உனக்கு வேண்டும்; அளவு 2500. கோலுக்கு மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீலைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். இரை வேகம் குறைந்த பின்னும் அதன் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலால் அடக்கத் தெரியாவிட்டால் நூல் முழுவதும் சிக்காகிவிடும். ஸ்பின்னிங் ரீலில் நூலை விளிம்புக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் கீழே வரை நிரப்பு. அதற்கு மேல் நிரப்பினால் வளையம் வளையமாகக் கழன்று விழும், குறைத்தால் வீச்சுத் தூரம் குறையும். வீசியதும் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடிப் பழகு. நூல் முறுக்கேறுவது பாதி குறையும். டிராக் திருகை, நூலின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையான இழுப்புக்கு நூலை விட்டுக்கொடுக்கும்படி வை.

மற்றவர்கள் பணத்தைக் கோலில் போடுவார்கள்; நான் உன்னை நூலிலும் முள்ளிலும் போடச் சொல்கிறேன். மீனுக்கும் உனக்கும் இடையில் இருப்பவை அவைதான். தொடக்கத்துக்கு 10 இறாத்தல் தங்கூசியே, அதாவது ஒற்றை இழை நைலோன் நூலே, போதும். அது சற்று நீளும் தன்மையுள்ளது, அதனால் அவசரப்பட்டு இழுத்தாலும் அறுந்துவிடாது. முடிச்சும் எளிதாக இறுகும். வெயில் பட்டுப் பலம் குறையும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடு. ஸ்கூகொக் ஆழமற்ற, பாசியும் களையும் மண்டிய ஏரி. ஓகஸ்ட் மாதத்தில் களை நன்றாக அடர்ந்த பிறகு தங்கூசி சிரமப்பட்டால், 20 இறாத்தல் பின்னல் நூலுக்கு மாறலாம். அது நீளாது, களைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும். இரண்டுக்கும் பாலமார் முடிச்சு பொருந்தும். இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க மறவாதே, உலர்ந்த தங்கூசி உராய்வின் சூட்டிலேயே பலமிழந்துவிடும்.

இரையில்தான் புதியவர்களின் பணம் கரைகிறது. உனக்கு வேண்டியது ஐந்து அங்குல இறப்பர் புழு. யமமோட்டோ நிறுவனத்தின் செங்கோ என்ற புழு இதற்குப் பெயர் போனது, அதே வடிவத்தில் மலிவானவையும் கிடைக்கும். பச்சை கலந்த மண்நிறத்தில் ஒரு பொதி, கலங்கிய நீருக்குக் கறுப்பில் ஒரு பொதி எடு. இவற்றோடு 3/0 அளவில் கழுத்து வளைந்த அகன்ற முட்களும், அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு எடையுள்ள தோட்டா வடிவக் குண்டுகளும் வாங்கு. முள்ளைப் புழுவின் தலையில் சிறிது செலுத்தி வெளியே எடுத்து, திருப்பி, நுனியை அதன் உடலுக்குள்ளேயே மறைத்துக் குத்துவதை டெக்சாஸ் முறை என்பார்கள். களைக்குள் வீசினாலும் சிக்காது. களையில்லாத இடத்தில் குண்டே போடாமல், புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி மெதுவாக அமிழவிடு. இரண்டு நுனியும் துடித்துக்கொண்டே இறங்கும். பெரும்பாலும் மீன் அப்படி இறங்கும்போதுதான் கவ்வும், ஆகையால் நூலைக் கவனித்துக்கொண்டே இரு, அது பக்கவாட்டில் நகர்ந்தால் கடித்துவிட்டது என்று அறி. குண்டு ஈயமாக இல்லாமல் டங்ஸ்டனாக இருந்தால் நல்லது. நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கி இறப்பதால்தான் கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளை 1997இல் தடை செய்தார்கள்.

எங்கே வீசுவது என்றும் கேட்டிருந்தாய். 1830களில் லின்ட்சேயில் கட்டிய அணையால் நீர் ஏறிப் பரந்த ஏரி அது, நம் காசல்ரீயும் மவுசாக்கலையும் அணை கட்டி உருவானது போலவே. பெருவாய் பாஸ் துரத்தி வேட்டையாடுவதைவிட மறைந்திருந்து பாய்வதையே விரும்பும். களை முடிகிற விளிம்பு, விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல், இவற்றில் நிற்கும். ஏரியின் நடுவை நோக்கி எறிவதில் பயனில்லை. கரைக்கு இணையாக, களையின் ஓரம் நெடுக வீசு. ஒரே இடத்தில் நில்லாமல் நடந்துகொண்டே இரு. அதற்காகத்தான் சுமை வேண்டாம் என்று அவ்வளவு வற்புறுத்தினேன்.

அங்கே பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் தொடங்கும். அதற்கு முன் ஆண் மீன்கள் கூட்டைக் காவல் காக்கும் காலம். அந்நேரம் ஒன்றைத் தூக்கினால் முட்டைகளையும் குஞ்சுகளையும் மற்ற மீன்கள் தின்றுவிடும். தொடங்கும் நாளை மாகாண விதிகளில் மகனைப் பார்த்துச் சொல்லச் சொல். நமக்கு 65 வயது கடந்துவிட்டதால், அங்கே வதிவிட உரிமை பெற்ற உனக்கு அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையில்லை. ஆனால் பிறந்த திகதி உள்ள அரசாங்க அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள். மகனுக்கு அந்த விலக்கு இல்லை, அவர் வாங்கத்தான் வேண்டும்.

நீண்ட மூக்குக் குறடு ஒன்று அவசியம் வாங்கு, முள்ளைக் கழற்ற விரல் போதாது. முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டி நிற்கும் எதிர்முள்ளை அந்தக் குறடாலேயே நசுக்கிவிட்டால் மீனுக்கும் உன் விரலுக்கும் காயம் குறையும். ஜூன் வரை வீட்டு முற்றத்துப் புல்லில், முள் இல்லாமல் குண்டை மட்டும் கட்டி, ஒரு வாளியைக் குறி வைத்து வீசிப் பழகு.

பேரன் இங்கே மூங்கில் கோலும் மண்புழுவுமாகக் காசல்ரீ ஓரத்தில் திலாப்பியா பிடித்து வருகிறான். உன் மகன் ஆடியில் ஊருக்கு வரும்போது 3/0 முட்கள் ஒரு பொதியும் 10 இறாத்தல் தங்கூசி ஒரு சுருளும் அவனுக்காகக் கொடுத்தனுப்பு, பணத்தை இங்கே கொடுத்துவிடுகிறேன். கோலை வாங்கு முன் அதன் அடியில் எழுதியிருப்பதைப் படமெடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அண்ணியை நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு