எழுதச் சொல்லி வாங்கிய மூன்று புது இசை: 2024-25 ஆண்டறிக்கை

நம் இசைச் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் நாம் கை தூக்கி எடுத்த முடிவு நினைவிருக்கும். பழைய இசையை வாசிப்பதோடு நின்றுவிடாமல், இன்று நம்மோடு இருக்கிற இசையமைப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்குவது என்று பேசினோம். வாங்கிவிட்டோம். குரலுக்கும் பியானோவுக்கும் இரண்டு தமிழ்ப் பாட்டு, இரண்டு வயலின், வியோலா, செல்லோ சேர்ந்த ஒரு குவார்டெட். மூன்றும் அரங்கேறிவிட்டன. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த வருடம் என் மாலை நேரமெல்லாம் அதற்குத்தான் போனது. மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஐந்து கச்சேரிகள் நடந்தன, உறுப்பினர் எண்ணிக்கை 71, சங்கப் பதிவுக் கணக்குகளை உரிய நேரத்தில் தாக்கல் செய்துவிட்டோம். டிசம்பர் 15 அன்று மறைந்த உஸ்தாத் ஜாகிர் ஹுசேனுக்கு ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவரைத் தபலாவோடு மட்டுமே நினைக்கிறோம். ஆனால் குரோனோஸ் குவார்டெட் என்ற அமெரிக்கக் குழு 2015-இல் தொடங்கி, இளம் கலைஞர்கள் வாசிப்பதற்கென்றே ஐம்பது புதிய குவார்டெட்டுகளை எழுதி வாங்கியதே, அதில் ஒன்று அவர் எழுதியது. ஸ்கோரையும் (எல்லா வாத்தியமும் சேர்ந்த இசைக்குறிப்பு) பார்ட்டுகளையும் (ஒவ்வொருவரும் வாசிக்கும் தனித் தாள்) யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் இளைஞர்கள் அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, முதல் பாட்டு. குறுந்தொகை 28, ஔவையார் பாடியது. ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று தொடங்கும் ஐந்தே வரி. காதல் நோயில் ஒருத்தி தவிக்கிறாள், ஊர் அது தெரியாமல் தூங்குகிறது, நான் போய் முட்டிக்கொள்ளட்டுமா, தாக்கட்டுமா, ‘ஆஅ ஒல்’ என்று கத்தட்டுமா என்று கேட்கிறாள். இதைவிட நல்ல பாட்டு வரிகள் பியானோவுக்குப் பக்கத்தில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு இசை எழுதியவர் பெங்களூருக்காரர், தாய்மொழி கொங்கணி, தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், படிக்கத் தெரியாது. அதனால் உ.வே.சா.வின் 1937 பதிப்பை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி, நம் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவிடம் நிதானமாக ஒரு தடவை, உணர்ச்சியோடு ஒரு தடவை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினோம்.

ஜூலையில் முதல் வரைவு வந்தது. பியானோ பகுதி அற்புதம். இடது கை விடாமல் கதவைத் தட்டுகிற மாதிரி ஓடுகிறது. ஆனால் பாடகி பாட ஆரம்பித்ததும் ஆசிரியை அம்மா கையைத் தூக்கிவிட்டார். “கொல் எங்கேம்மா? கோல், கோல்னுல்ல கேக்குது!” பார்த்தால், ஒவ்வொரு ‘கொல்’லுக்கும் இசையமைப்பாளர் நீண்ட சுரம் கொடுத்திருக்கிறார். மேற்கத்தியப் பாட்டு எழுதிப் பழகியவர், அழுத்தம் விழும் அசையை நீட்டுவது அவருக்குக் கை வந்த பழக்கம். தமிழில் குறிலை நீட்டினால் அது வேறு சொல் ஆகிவிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாமும் சொல்லி அனுப்பவில்லை, தப்பு நம்முடையதுதான். அன்றைக்கே வீடியோ அழைப்பில் உட்கார்ந்தோம். கல்-கால், படு-பாடு, விடு-வீடு என்று அம்மா வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். நான்கு நாளில் திருத்தி அனுப்பினார்: ‘கொல்’ இப்போது ஒரு சின்ன சுரம், உடனே ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் இடது கையின் தட்டல் மட்டும் கேட்கும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல இருக்கிறது. முன்னதைவிடப் பத்து மடங்கு மேல்.

‘ஆஅ’ என்பதை அவர் அதற்கு நேர்மாறாக, வெட்டினாற்போல் ஒரு கூச்சலாக எழுதியிருந்தார். அது அளபெடை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, அளபெடுத்தால் மூன்று, அந்தக் கூடுதல் ‘அ’ நீட்டுவதற்காகவே எழுதப்பட்டது என்று அம்மா விளக்கினார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அப்படின்னா எவ்வளவு நேரம் பாடணும்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க!” என்றார். இறுதி வடிவத்தில் அந்த இடத்தில் சரியாக மூன்று எண்ணிக்கை, பியானோ முழுவதும் நின்றுவிடுகிறது, குரல் மட்டும். பணம் கொடுத்து எழுதி வாங்குவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு மாலையைத்தான் இனி நான் சொல்வேன். எழுதியவரும் பாடுகிறவரும் மொழி தெரிந்தவரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்து, ஒரே சுரத்துக்காகச் சண்டை போட முடிகிற வாய்ப்பு வேறு எந்தப் பாட்டில் நமக்குக் கிடைத்தது?

இரண்டாம் பாட்டு இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெண் கவிஞரின் கவிதை. பாரதி என்றால் 1949-இலேயே நாட்டுடைமை, யாரையும் கேட்க வேண்டாம். வாழும் கவிஞர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கியே ஆக வேண்டும், மறைந்தவர் என்றாலும் அறுபது ஆண்டு வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும், நாட்டுடைமை ஆகியிருந்தால் ஒழிய. இதைச் சொல்வதற்குக் காரணம், சில உறுப்பினர்கள் “கவிதைதானே, பாடினால் அவருக்குப் பெருமைதானே” என்று கேட்டீர்கள். பெருமை வேறு, அனுமதி வேறு. கவிஞர் ஒரே போனில் சம்மதித்தார், நாம் ஒரு தொகையும் கொடுத்தோம், ஒத்திகைக்கும் ஒரு நாள் வந்து கடைசி வரியைக் கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னார்.

குவார்டெட் ஏழு நிமிடம். எழுதியவர் சென்னைப் பெண், இருபத்தாறு வயது. இசையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கேட்காதவர்கள் அடுத்த தடவை கேளுங்கள். நான் சொல்ல வந்தது காகிதத்தைப் பற்றி. வியோலாக்காரருக்கு இரண்டாம் பக்கம் முடிகிற இடத்தில் ஓய்வே இல்லை, பக்கத்தைத் திருப்பக் கை கிடையாது. அச்சுக்குக் கொடுத்த கடையில் முன்னும் பின்னும் மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மின்விசிறியைப் போட்டால் மெல்லிய தாள் பறக்கிறது, நிறுத்தினால் விரல் வியர்த்து வழுக்குகிறது. கடைசியில் துணி கிளிப் போட்டுத்தான் ஒத்திகை நடந்தது. இனி பார்ட்டுகள் கெட்டித் தாளில்தான் வரும், பக்கம் திருப்பும் இடங்களை வாசிப்பவரே பார்த்துச் சொன்ன பிறகுதான் அச்சு. அதற்குக் கூடுதலாக ஆகும் செலவைக் குழு ஒப்புக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

அரங்கேற்றத்தை நவம்பர் 30, சனிக்கிழமை என்று வைத்திருந்தோம். அன்றுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, விமான நிலையத்தையே மூடினார்கள், முதல் பாட்டுக்கு இசை எழுதியவர் பெங்களூரிலிருந்து எப்படி வருவார்? தள்ளி வைத்தோம். டிசம்பரில் மார்கழிக் கச்சேரிகள், அரங்கமும் கிடைக்காது, வயலின் வாசிக்கிறவர்களில் ஒருவருக்கு தினமும் இரண்டு சபாவில் பக்கவாத்தியம். ஆக, ஜனவரியில்தான் நடந்தது, வேப்பேரியில் நாம் எப்போதும் கூடும் அதே மாதாகோயில் கூடத்தில்.

அன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். குறுந்தொகைப் பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள், மரியாதைக்குத் தட்டியது என்று எனக்கே தெரிந்தது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர், நம் உறுப்பினர்கூட இல்லை, “தம்பி, பொருளைச் சொல்லிட்டு இன்னொரு தடவை பாடச் சொல்லுங்களேன்” என்றார். ஆசிரியை அம்மா எழுந்து இரண்டு நிமிடம் பொருள் சொன்னார். பாடகி மறுபடி பாடினார். அந்த ‘ஆஅ’ வந்தபோது கூடத்தில் யாரும் அசையவில்லை. இந்தத் தடவை விழுந்த கைதட்டல் வேறு.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். புது இசைக்கு முதல் தடவை போதாது. 1822-இல் நிக்கோலாய் கலிட்சின் என்ற ரஷ்ய இளவரசர் பீத்தோவனிடம் கடிதம் எழுதிக் குவார்டெட்டுகள் கேட்டார். அதற்காக எழுதியவற்றில் முதலாவது, ஓபஸ் (படைப்பு எண்) 127, 1825 மார்ச்சில் வியன்னாவில் அரங்கேறியபோது எடுபடவில்லை. பீத்தோவன் விடவில்லை, யோசஃப் போம் என்ற வயலின்காரரின் குழுவைத் தன் கண் முன்னாலேயே ஒத்திகை பார்க்க வைத்து மறுபடி வாசிக்கச் செய்தார், அப்போதுதான் வரவேற்பு கிடைத்தது. பீத்தோவனுக்கே இரண்டாம் தடவை தேவைப்பட்டது. நாமோ மூன்று இசையை வாங்கி, ஒரு மாலை வாசித்து, அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு அடுத்ததை எழுதச் சொன்னால், எழுதியவருக்கு அது என்ன நியாயம்? வரும் ஆண்டில் புதிதாக ஒன்று மட்டும் எழுதி வாங்குவோம், மீதிப் பணத்தில் இந்த மூன்றையும் இன்னும் இரண்டு தடவையாவது வாசிப்போம், அதில் ஒன்றாவது சென்னைக்கு வெளியே. தீர்மானமாக இதை முன்வைக்கிறேன்.

பணக் கணக்கு. பாட்டுக்கு இருபத்தைந்தாயிரம் வீதம் இரண்டு, குவார்டெட்டுக்கு அறுபதாயிரம், மொத்தம் 1,10,000 ரூபாய். இதில் 82,000 உறுப்பினர்கள் கொடுத்தது, 28,000 கச்சேரி வரவில் மிஞ்சியது. ஒப்புக்கொண்டதும் பாதி, ஸ்கோர் கைக்கு வந்ததும் கால், அரங்கேற்றத்தன்று கால் என்று கொடுத்தோம், ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அந்த இளவரசர் ஒரு குவார்டெட்டுக்கு 50 டுக்காட் (அந்தக் காலத் தங்க நாணயம்) என்று ஒப்புக்கொண்டு, பீத்தோவன் 1827-இல் இறக்கும்வரை முழுவதும் கொடுக்கவில்லை. நம் மேல் அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது. ஒத்திகைக்கும் தனியாகப் பணம் கொடுத்தோம், அதை இனியும் குறைக்க விட மாட்டேன். இன்னொன்று: இசை எழுதி வாங்குவதை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் கணக்கில் ‘கமிஷன்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஆடிட்டர் இது யாருக்குக் கொடுத்த தரகு என்று கேட்டார். இப்போது ‘இசையாக்க ஊதியம்’ என்று மாற்றியிருக்கிறோம், பற்றுச்சீட்டுகளிலும் அப்படியே.

மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு நமக்கு வரும் விசாரிப்புகள் கூடியிருக்கின்றன, வயலின் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நிறையப் பேர். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள், பின்னால் நிற்க வைக்காமல் வாத்தியங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

மூன்றின் ஸ்கோரும் பார்ட்டுகளும் கூடத்து அலமாரியில் நீல அட்டைக்குள் இருக்கின்றன, எழுதியவர்கள் மூவரும் நம் உறுப்பினர்கள் எடுத்துப் பழக அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எடுத்துப் போகிறவர்கள் என்னிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். பாட்டின் பிரதியில் ‘கொல்’ வரும் இடத்திலெல்லாம் பாடகி பென்சிலால் ‘குறில்!’ என்று எழுதி வைத்திருக்கிறார், தயவுசெய்து அதை அழிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அன்புடன்,
செயலாளர்