பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கலைக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஓவியமும் கணினி வரைகலையும் சொல்லித்தரும் ஆசிரியர் நான். 'இந்த டூல் எந்த மெனுவில் இருக்கிறது?' என்ற வகைக் கேள்விகளைத் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் வலைத்தள அனிமேஷன் என்றாலே ஃப்ளாஷ் மென்பொருள்தான். 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷ் பிளேயரின் ஆயுள் முடிந்தது. மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குக் கையில் என்ன மிஞ்சியது? அசைவு எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று கற்றவருக்கு அந்தப் பாடம் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளிலும் உதவுகிறது.

போன வாரம் ஒரு மாணவி பென் டூலில் (புள்ளிகள் வைத்து வளைகோடு வரையும் கருவி) 'அ' வரைந்தாள். சுழி முழுக்க ஆங்கர் பாயிண்ட், அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளி; எண்ணினால் 41. கோடு நடுங்கியது. கணினியை விட்டு எழுப்பி, தூரிகையால் அதே எழுத்தைத் தாளில் பத்து முறை எழுதச் சொன்னேன். கை திரும்பும் இடங்களில் அவளே பென்சிலால் புள்ளி வைத்தாள். அப்புறம் திரையில் 12 புள்ளிகளே போதுமாக இருந்தன. 1960-களில் ரெனோ கார் நிறுவனத்தில் பியேர் பெசியே, காரின் வளைவுகளை வடிவமைக்கக் கையாண்ட கணக்குதான் பென் டூலுக்குள்ளும் இருக்கிறது என்று அதற்குப் பிறகே சொன்னேன். இரண்டு முனை, வளைவை இழுக்க இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். இது பிடிபட்டவருக்கு இல்லஸ்ட்ரேட்டர் என்ன, இங்க்ஸ்கேப் என்ன, எந்த வரைகலை மென்பொருளும் ஒன்றுதான்!

நிறமும் அப்படித்தான். திரை ஒளியைக் கூட்டுகிறது, மை ஒளியை விழுங்குகிறது. திரையில் மின்னிய நீலம் தாளில் மங்கியதும் மாணவர்கள் அச்சகத்தைத் திட்டுகிறார்கள். வண்ணக் கலவையும் ஆர்ஜிபியும் (சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டித் திரை நிறம் காட்டும் முறை) ஒரே வகுப்பில் நடந்தால் இந்தக் குழப்பம் வராது. ஓவிய வகுப்பையும் கணினி வகுப்பையும் ஏன் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம்?

தேர்வில் மாணவர் தனக்குக் கைவந்த மென்பொருளில் வரையட்டும். கிரிட்டா, கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் எல்லாமே இலவசம். சந்தா கட்ட முடியாத பிள்ளைகளும் வீட்டில் பழகலாம். வேலைக்குப் போகுமிடத்தில் வேறு மென்பொருள் கேட்பார்களே என்பீர்கள். சரி, அதையும் கடைசிப் பருவத்தில் சொல்லிக்கொடுப்போம்.

மதிப்பெண் போடும்போது முடிந்த படத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்கெட்ச் புத்தகத்தையும் லேயர்களை (படத்தை வரைந்த தனித்தனி அடுக்குகளை) ஒன்றாக்காத மூலக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எதை மாற்றினார், எதை மறைத்து வைத்தார், எங்கே தயங்கினார் என்பதெல்லாம் அந்த லேயர்களில் தெரியும்.

இந்த முறையில் ஒரு மாதிரி வினாத்தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கலை ஆசிரியர்