ரீகால் "முடிந்தது" என்று பதிவான வண்டியின் சேசிஸ் உடைந்தது பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

என் பிக்கப் வண்டிக்கான ரீகால் வேலை, அதாவது குறைபாடுள்ள வண்டிகளை நீங்களே திரும்ப அழைத்து இலவசமாகச் செய்து தரும் பழுதுபார்ப்பு, முடிந்துவிட்டதாக உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அந்த வண்டி இப்போது என் வீட்டு வாசலில் மரக்கட்டைகளுக்கு மேல் நிற்கிறது. பின்பக்க ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த தாங்கி, சேசிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) இரும்பையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

சேசிஸ் துருப்பிடிப்பதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் அனுப்பிய ரீகால் கடிதம் கைக்கு வந்த வாரமே வண்டியை டீலரிடம் விட்டேன். லிஃப்டில் ஏற்றினார்கள். சுத்தியலால் அங்கங்கே தட்டினார்கள். ஓட்டை விழவில்லை. கறுப்பு மெழுகுப் பூச்சை அடித்து, தாளில் "பாஸ்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் சாவி என் கையில். இவ்வளவு சீக்கிரமா என்று அப்போது சந்தோஷப்பட்டேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் மெதுவாக ஒரு வளைவில் திரும்பும்போது பின்னால் பெரிய சத்தம். வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் உங்களுக்கு எழுதியிருப்பார்கள்.

நான் கூட்டிவந்து காட்டிய வேறொரு மெக்கானிக், உடைந்த இடத்தில் விரலை விட்டு உள்ளேயிருந்து துருப்பொடியைக் கைநிறைய அள்ளிக் காட்டினார். சேசிஸ் என்பது பெட்டி வடிவக் குழாய். குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு கரைந்து, தண்ணீர் வடியும் துளைகள் வழியாகவே உள்ளே ஏறி, சேற்றோடு சேர்ந்து தங்கிவிடுகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் உறையவும் விடாது. ஆகவே இரும்பு உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு பாதியாகியிருக்கும். அதன் வெளிப்புறத்தில் மெழுகை அடித்தால் என்ன பயன்? சொத்தைப் பல்லுக்கு வெளியே வெள்ளையடித்த கதைதான்.

இதைச் சொல்லி நான் முதலில் புகார் செய்தபோது உங்கள் பதில் மூன்றே வரி. ரீகால் வேலை முடிந்தது, துரு பராமரிப்பு சம்பந்தப்பட்டது, உப்புச் சாலையில் ஓட்டுவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல.

கடைசி வரியிலிருந்து வருகிறேன். அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் உப்பு போடுவார்கள் என்பது நேற்றைய செய்தி அல்ல. 2009-இல் டொயோட்டா, 2000 முதல் 2003 வரையிலான டன்ட்ரா பிக்கப் வண்டிகளில் சுமார் 1,10,000-ஐத் திரும்ப அழைத்தபோது, உப்பு அதிகம் புழங்கும் 20 மாநிலங்களையும் வாஷிங்டன் டி.சி.யையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அந்த வண்டிகளில் சேசிஸ் துருப்பிடித்து, ஸ்டெப்னி ஓடும் வண்டியிலிருந்து கழன்று சாலையில் விழும் அபாயம் இருந்தது. அடுத்த ஆண்டு ஃபோர்டு, பின்அச்சு துருப்பிடித்து முறியக்கூடும் என்று 1998–2003 விண்ட்ஸ்டார் வேன்களை அழைத்தது. உப்பு தெரிந்த விஷயமாகி நெடுங்காலம் ஆகிறது.

"பராமரிப்பு" என்ற வாதம் ஒருமுறை எடுபட்டது உண்மைதான், மறைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பிக்கப்புகளிலும் எஸ்.யு.வி.களிலும் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து வெடித்ததை அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. 2015-இல் ரீகால் கேட்காமலே கோப்பை மூடியது. வண்டிக்கு வயதாகிவிட்டது, அடிப்பகுதியைக் கழுவுங்கள், சோதித்துப் பாருங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை சொன்னது. உங்கள் பதிலை எழுதியவர் அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் என் வண்டி அந்தக் கணக்கில் வராது. இதில் இருப்பது பாதுகாப்புக் குறைபாடு என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தவர்களே நீங்கள்தான். அங்கே குறைபாடு, என்னிடம் மட்டும் பராமரிப்பா? (அடிப்பகுதியைக் குளிர்காலம் முழுக்க மாதம் இருமுறை கழுவிய ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் பீய்ச்ச எனக்கு வழியில்லை.)

இனி "முடிந்தது" என்ற சொல். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, ரீகால் வண்டியைக் கொண்டுவந்து விட்ட 60 நாளுக்குள் போதுமான அளவு சரிசெய்யாவிட்டால், அது நியாயமான காலத்தில் சரிசெய்யத் தவறியதற்கு முதல்நிலை ஆதாரம் (மறுத்து நிரூபிக்காதவரை செல்லும் ஆதாரம்). அப்படித் தவறினால் வண்டியை மாற்றித் தர வேண்டும், அல்லது தேய்மானம் கழித்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "போதுமான அளவு" என்ற சொல் அங்கே சும்மா இல்லை. முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள் இலவசத் தீர்வுக்கு உரிமை உண்டு. நான்தான் முதல் உரிமையாளர், வாங்கி 11 ஆண்டுதான் ஆகிறது.

நான் கேட்பவை இவை. என் வண்டி எண்ணுக்கு எதிரே உள்ள "முடிந்தது" என்ற பதிவை நீக்குங்கள். சேசிஸை முழுதாக மாற்றித் தாருங்கள், முடியாதென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். இன்னொரு பூச்சுக்கு வண்டியை அனுப்ப மாட்டேன். வண்டியை இழுத்து வந்த செலவும் உங்களுடையது. சுத்தியல் தட்டி "பாஸ்" ஆன மற்ற வண்டிகளின் உரிமையாளர்களுக்கு, உள்பக்கத்தையும் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். என்னைப்போல நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

இதே கடிதத்தின் நகலையும் படங்களையும் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு இன்றே அனுப்புகிறேன். ரீகாலில் கொடுத்த தீர்வு போதுமானதா என்று தனியாக விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பிய்ந்து வந்த இரும்புத் துண்டு என்னிடமே இருக்கிறது. உங்கள் பொறியாளர் வந்து பார்க்கலாம், ஆனால் எடுத்துப்போக முடியாது.

பதினைந்து நாளில் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

இணைப்பு: ரீகால் கடிதம், டீலர் தந்த "பாஸ்" தாள், கழுவிய ரசீதுகள், உடைந்த சேசிஸின் படங்கள்