டேலி ஆகல தம்பி

தம்பி, நல்லா இருக்கியா, சாப்டியா. ஃபோன்ல கேட்டா 'ம்'னு ஒத்த எழுத்துல முடிச்சிடுற, அதான் எழுதுறேன். அப்பாவுக்கு சுகர் பரவால்ல, மோட்டார் மாத்தியாச்சு. விஷயம் என்னன்னா வீட்டு கம்ப்யூட்டர்ல டிஸ்க் நெறயப்போகுதுன்னு காட்டுச்சு, உன்ன எதுக்கு தொந்தரவு பண்ணணும்னு நானே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிட்டேன், எந்த ஃபோல்டர்ல எத்தன ஃபைல், எவ்ளோ எடம்னு கணக்கு போடுற குட்டி புரோகிராம். சிரிக்காத. பேங்க்ல லெட்ஜர் பாத்தவடா நான்.

ஒரு ஃபார் லூப்தான். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஃபைண்ட் கமாண்ட்ல ஃபைல மட்டும் எடுத்து டபிள்யூசி மைனஸ் எல்-க்கு பைப் பண்ணா எண்ணிக்கை, டியூ மைனஸ் எஸ்ஹெச் போட்டா சைஸ். 'தாத்தா அறுபதாம் கல்யாணம்'னு ஸ்பேஸ் விட்டு பேர் வச்சிருக்கீங்களே, அந்தப் பேர் வர்ற வேரியபிள டபுள் கோட்ஸ்ல போடலன்னா ஷெல் அத மூணு ஃபோல்டரா எடுத்துக்கிட்டு அப்படி ஒண்ணுமே இல்லங்கும். நீ காலேஜ் படிக்கறப்ப சொல்லிக்குடுத்தது, மறக்கல. எவ்ளோ பொறுமையா சொல்லிக்குடுப்பான்னு பெரியம்மாகிட்ட இன்னிக்கும் சொல்லுவேன், அந்த பொறுமையெல்லாம் அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசறப்ப எங்க போகுதோ.

உன் சின்க் ஃபோல்டர்ல, அதான் உன் கம்ப்யூட்டர்ல இருக்கிறது தானா இங்கயும் வந்து விழுற ஃபோல்டர்ல, ஓட்டுனேன். 'கொடைக்கானல்' வரிசையில ஃபைல் 0, சைஸ் 4கே. காலியா இருந்தாலும் டியூ 4கே காட்டும், ஃபோல்டருக்குன்னே டிஸ்க்ல ஒரு பிளாக் போயிடுதுல்ல, அதனால எண்ணிக்கையத்தான் நம்பணும். ஸ்கிரிப்ட்தான் தப்போன்னு பாத்தேன், பர்மிஷன் இல்லாத எடத்துல ஃபைண்ட் கத்திட்டு தாண்டிப் போயிரும், அப்படி ஒண்ணும் கத்தல. 'கிரகப்பிரவேசம்', அதுவும் 0. 'ஆபீஸ்' மட்டும் ஏறிக்கிட்டே போகுது. ராத்திரி முழிக்காதடா, நேரத்துக்கு சாப்பிடு.

அப்புறம் வரிசையெல்லாம் கூட்டுனேன், மேல மொத்தமா டியூ போட்டா வர்ற டோட்டலோட ஒத்துப்போகல, கிட்டத்தட்ட 6 ஜிபி உதைக்குது. டேலி ஆகலன்னா எனக்கு தூக்கம் வராது, உனக்கே தெரியும். லூப்ல எல்லா ஃபோல்டரும்னு ஸ்டார் ஸ்லாஷ் போட்டா புள்ளியில ஆரம்பிக்கிற மறைஞ்ச ஃபோல்டர தொடாதுல்ல, அதையும் சேத்துக்கச் சொல்லி ஷாப்ட்ல டாட்க்ளாப் ஆன் பண்ணி ஓட்டுனதும் புள்ளி எஸ்டிவெர்ஷன்ஸ்னு ஒண்ணு வந்து நின்னுச்சு. நீதான அந்த சின்க் பண்ற சின்க்திங்ல வெர்ஷனிங் போட்டு வச்ச, நீ அங்க அழிச்சதெல்லாம் இங்க அதுக்குள்ள அப்படியே கிடக்கு. இப்ப கணக்கு நேராயிருச்சு.

உள்ள திறந்து பாக்கல, எண்ணிக்கை மட்டும்தான் பாத்தேன். எடம் வேணும்னா அதத்தான் மொதல்ல அழிக்கணும், நான் அழிக்கல, அப்பாகிட்டயும் சொல்லல. ஸ்கிரிப்ட மெயில்ல போட்டிருக்கேன், தப்பு இருந்தா சொல்லு, எழுதாத, ஃபோன் பண்ணி சொல்லு. நேரத்துக்கு சாப்பிடு. தீபாவளிக்கு அவளுக்கு எடுத்த சேலை இன்னும் பீரோலயே இருக்கு, எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்?

அம்மா