எடுத்தே ஆகணும்

அன்புள்ள மல்லிகா,

அம்மாவின் கண் ஆப்பரேஷன் எப்படி முடிந்தது? அதை முதலில் எழுது. இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் தீபாவளிக் கடைகள் போட்டாயிற்று, நடக்க வழியில்லை.

ஆர்.இ.பி.டி. என்ற உளச்சிகிச்சை முறையின் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். என்னோடு வேலை செய்யும் கவுன்சலர்களில் பாதிப் பேர் "அது பழசு, சி.பி.டி. போதும்" என்பார்கள், அதாவது நம் எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று சோதிக்கும் ஆரன் பெக்கின் வழி. ஆல்பர்ட் எல்லிஸ் ஆர்.இ.பி.டி.யை 1955-இலேயே தொடங்கிவிட்டார், பெக்கின் முறைக்கும் முந்தியது. 1982-இல் அமெரிக்க, கனடா உளவியலாளர்களிடம் உளச்சிகிச்சையில் யாருடைய செல்வாக்கு அதிகம் என்று கேட்டபோது கார்ல் ரோஜர்ஸ் முதலில், எல்லிஸ் இரண்டாவது, ஃப்ராய்டு அதற்கும் கீழே. ஆனால் பெக்கின் வழி வந்தவர்கள் மருந்தோடு ஒப்பிட்டு, ஆய்வு மேல் ஆய்வாகச் செய்து வைத்தார்கள், எல்லிஸ் பக்கம் அவ்வளவு இல்லை. சான்று கேட்கும் இடத்தில் பெக் முன்னால் நிற்பது நியாயம்தான்.

ஆனாலும் நம் ஆட்களோடு தமிழில் பேசும்போது எனக்குக் கை கொடுப்பது எல்லிஸ்தான். போன மாதம் ஒரு அம்மா வந்தார், மகனுக்கு பி.எஸ்.எல்.இ. (இங்கே ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வு), இவருக்குத் தூக்கம் போய்விட்டது. "அவன் நல்லா செய்யமாட்டான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று பெக் வழியில் கேட்டேன். கைப்பையிலிருந்து ரிப்போர்ட் புக்கை எடுத்து நீட்டினார். அதற்குமேல் நான் என்ன கேட்பது? எல்லிஸ் இந்த இடத்தில், சரி, மோசமாகவே நடக்கட்டும், அப்புறம் என்ன என்று கேட்பார். நானும் கேட்டேன். "இல்ல, பத்துக்குள்ள எடுத்தே ஆகணும்" என்றார் (அந்தத் தேர்வில் புள்ளி குறையக் குறைய நல்லது). அந்த "எடுத்தே ஆகணும்" என்பதை அப்படியே ஒரு தாளில் எழுதி, கீழே "எடுத்தால் நல்லா இருக்கும்" என்று எழுதி, இரண்டையும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். இரண்டாவதை வாசித்தவர் கொஞ்ச நேரம் அழுதார், அப்புறம் "இதுவும் என் ஆசைதானே" என்றார். எல்லிஸ் ஆங்கிலத்தில் 'must' என்று தேடித் தேடிப் பிடித்த அந்தப் பிடிவாதம் தமிழில் ஒரு ஏகாரத்தில் உட்கார்ந்திருக்கிறது, மல்லிகா! படிச்சே ஆகணும், கட்டியே ஆகணும், மதிச்சே ஆகணும்.

ஒன்று மட்டும், எல்லிஸைப்போல முகத்துக்கு நேரே வாதாடாதே. நம் பெரியவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். கேள்வியை மெதுவாக வைத்தால் போதும்.

பணத்தைக் கட்டிவிடு. டிசம்பர் லீவில் ஈப்போவிலிருந்து இங்கே வா, பயிற்சித் தாள்களையும் எடுத்து வா, இரண்டு பேரும் உட்கார்ந்து தமிழில் எழுதிப் பார்ப்போம்.

அன்புடன்,
செல்வி