எண்ணை மட்டும் கேட்டிருந்தாய்

கூடலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மழை விடவில்லை. அப்பாவுக்கு முழங்கால் அப்படியேதான்.

பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது இரண்டே வரி. உன் வாக்காளர் அட்டை நம்பர் வேண்டும். பாப்பாவின் பள்ளியில் 'வாக்காளர்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். நம்பர் எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. பாப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வாக்கு, ஆளர். 'ஆள்' என்னும் வினையிலிருந்து வந்தது 'ஆளர்'. உடையவர், ஆள்பவர் என்று பொருள். தொழிலாளர், எழுத்தாளர் போல. வாக்கு வடமொழியிலிருந்து வந்தது, பேச்சு என்று அர்த்தம். தமிழில் அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. வாக்குக் கொடுக்கிறோம், வாக்குத் தவறுகிறோம், சாமியாடியிடம் அருள்வாக்குக் கேட்கிறோம், கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்கிறோம். ஆகையால் வாக்காளர் என்றால் தன் சொல்லுக்குத் தானே உடையவர். அவர் வாசலில் கை கூப்பி நிற்பவர் வேட்பாளர். வேட்பு என்றால் விருப்பம். ஆசை அவருக்கு, சொல் நமக்கு. இதைப் பாப்பா நோட்டில் எழுதட்டும்.

'ஓட்டு' ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியும். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீனில் 'வோட்டும்', தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வது. நம் நேர்த்திக்கடன்தான். வாக்குக்கும் அதற்கும் வேர் வேறு, ஆனாலும் இரண்டும் கொடுத்த சொல்லில்தான் வந்து நிற்கின்றன.

நம்மைச் சுற்றியே இதற்கு இன்னும் மூன்று சொல் இருக்கிறது. நாடுகாணி தாண்டினால் மலையாளத்தில் சம்மதிதாயகன், சம்மதம் தருகிறவன். முதுமலை தாண்டினால் கன்னடத்தில் மததார. இந்த இடத்தில் மதம் என்றால் கருத்து, சாமி விஷயம் இல்லை. இலங்கையில் அரசாங்கக் காகிதத்தில் தேருநர், பட்டியலுக்குத் தேருநர் இடாப்பு. கடித உறையில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதுவோமே, அதே 'நர்'. (இந்த உறையில் பெறுநர் முகவரி எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, போகட்டும்.) அப்பாயி அங்கிருந்து கப்பலேறியது ஏன் என்று பாப்பாவுக்கு நீ சொல்லியிருக்கிறாயா? அங்கே 1947இல் ஓட்டுப் போட்ட தேயிலைத் தோட்டத்து நம் ஜனத்தை 1948ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டமும், அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தில் செய்த திருத்தமும் அந்த இடாப்பிலிருந்து தூக்கிவிட்டன. அவர்களில் பலரை இங்கே அனுப்பிய 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் அதற்குப் பிறகு வந்தது. அப்பாயியின் தகரப் பெட்டியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும்.

அந்தக் காலத்து ஓட்டு குடவோலை என்று டீச்சர் சொன்னால் பாப்பா தலையாட்ட வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது, 919, 921. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அது சீட்டுக் குலுக்கல். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் அங்கே வாக்காளர் கிடையாது. குடத்தில் பெயர் விழுவதற்குத்தான் கட்டுப்பாடு: வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு.

நம் சட்டத்தில் சொந்த வீடு கணக்கில்லை. 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20ஆம் பிரிவு: ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகமாட்டார். அதற்கடுத்ததையும் படி. தற்காலிகமாக வெளியூர் போனதால் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்றும் ஆகிவிடாது. தற்காலிகம் எத்தனை வருஷம் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ இருக்கும் கோயம்புத்தூரில் பட்டியலில் உன் பெயரை ஏற்றுவதாக இருந்தால் படிவம் 8. படிவம் 6 போடாதே. அது முதன்முறை சேருகிறவர்களுக்கு. அவசரத்தில் 6 போட்டு, இரண்டு ஊரிலும் பெயர் நிற்கிறவர்கள் நிறைய. ஒரு தொகுதியில்தான் பெயர் இருக்கலாம். பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை. படிவம் 8இல் 'குடிமாற்றம்', அதில் 'வேறு தொகுதி'. வாடகை ஒப்பந்தம் பதிவு செய்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் பெயரில் இருக்கும் கேஸ் பில்லோ பாங்க் பாஸ்புக்கோ போதும். தேர்தல் அலுவலகத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். நீங்கள் இருவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறவர்கள், பக்கத்து வீட்டில் சொல்லி வை. வேட்புமனு கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது. அங்கே ஏறியதும் இங்கே உன் பெயரை அவர்களே எடுத்துவிடுவார்கள். மறுபடி சொல்கிறேன், படிவம் 8. 6 இல்லை.

போன தடவை பட்டியல் சரிபார்க்க வீடு வீடாக வந்த பெண் என்னிடம், "டீச்சர், பையன் இங்கேதான் இருக்கானா?" என்று கேட்டாள். "மாசம் ஒருதடவை வந்துட்டுப் போவான்" என்றேன். நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தேர்தல் வேலைக்குப் போன இடத்திலெல்லாம் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் பண்ணியவள் நான். அவள் நம்பி எழுதிக்கொண்டு போனாள். ஏன் சொன்னேன் என்று அப்பா கேட்டார். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

எண்ணைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதல் மூன்று எழுத்து, பிறகு ஏழு இலக்கம். ஊர் மாறினாலும் அந்த எண் மாறாது. போன் நம்பர் கேட்கும் கட்டத்தில் உன்னுடையதைப் போடு. பழைய பதிவில் இருப்பது இங்கத்து நம்பர்.

அம்மா