தில்லியின் இன்னொரு பெயரைச் சொல்லித் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் அன்பிற்குரிய தோழியருக்கும்,

வணக்கம். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பயிற்சியாளராகச் சேர்வதற்காகத் தில்லிக்கு வந்து எனக்கு ஓராண்டு நிறைவடைந்துள்ளது. இந்த ஓராண்டில் எனக்கு வழி சொன்னவர்களும், வழி தவறியபோது திருப்பி அனுப்பியவர்களும் பலர். அவர்களுள் பாதிப் பேரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பெயர் தெரிந்தவர்களோ அதைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகையால் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் நன்றி, தமிழ்நாடு விரைவு வண்டியில் என் எதிர் இருக்கையில் வந்த, பணி ஓய்வு பெற்ற ஐயாவுக்கு உரியது. சென்னை சென்ட்ரலில் இரவு புறப்பட்டு, இரண்டு இரவுகளைக் கடந்து மூன்றாம் நாள் காலையில் புதுதில்லியை அடையும் அந்த நெடிய பயணத்தில், தாங்கள் எனக்குக் கோட்டைகளைப் பற்றியோ சுல்தான்களைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. ஆக்ராவைத் தாண்டிய பிறகு ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: "இந்த ஊரில் பல இடங்களுக்கு இரண்டு பெயர் உண்டம்மா. பலகையில் இருப்பது ஒன்று, சனங்கள் வாயில் இருப்பது ஒன்று. இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்." அன்று அது விளையாட்டுப் பேச்சாகவே எனக்குப் பட்டது. வண்டி நின்றதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பஹார்கஞ்ச் பக்கம் நடக்கத் தொடங்கிய என்னை நிறுத்தி, மெட்ரோ நிலையம் எதிர்த்திசையில் அஜ்மேரி கேட் பக்கம் இருப்பதைச் சொல்லி, என் பெட்டிகளுள் கனமானதைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறினீர்கள். தங்கள் மகன் பஹார்கஞ்ச் வாசலில் காத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

தங்கள் பேச்சின் பொருள் அடுத்த அரை மணி நேரத்திற்குள் விளங்கிவிட்டது. நான் தங்கவிருந்த முனிர்காவின் விடுதி அம்மையார், மஞ்சள் தடத்தில் "ஹூடா சிட்டி சென்டர்" செல்லும் வண்டியில் ஏறி ஹௌஸ் காஸில் மாறுமாறு தொலைபேசியில் சொல்லியிருந்தார். பலகையிலோ அப்படி ஓர் ஊரே இல்லை. அந்நிலையத்தின் பெயர் 2023இல் "மில்லேனியம் சிட்டி சென்டர் குருகிராம்" என மாற்றப்பட்டிருந்தது. விழித்துக்கொண்டு நின்ற நான், வந்த வண்டியில் ஏறி, நேர் எதிராக வடக்கே சமய்பூர் பாத்லி நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். மகளிர் பெட்டியில் என் அருகில் நின்ற சகோதரியே, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். காஷ்மீரி கேட்டில் தாங்கள் இறங்க வேண்டிய தேவையே இல்லை. எனினும் என்னோடு இறங்கி, எதிர்த்திசை வண்டி வரும் மேடையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, கதவு மூடும்வரை காத்திருந்து கையசைத்தீர்கள். அன்று தங்களுக்கு அலுவலகத்தில் தாமதம் ஆகியிருக்கும். அதற்காக இப்போது மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது பெயர் தெரியாததால் நேர்ந்த சங்கடங்கள் அத்துடன் முடியவில்லை. "ஞாயிறு மாலை சி.பி.யில் சந்திப்போம்" என்றார் உடன் பணிபுரியும் தோழி. நான் ராஜீவ் சௌக் நிலையத்தில் இறங்கி, சி.பி. எங்கே இருக்கிறது என்று காவலரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் விரலை மேலே காட்டினார். 1933இல் கட்டி முடிக்கப்பட்டு, ஆங்கிலேயக் கோமகன் ஒருவரின் பெயரால் கன்னாட் பிளேஸ் என்று அழைக்கப்பட்ட அந்த வட்டக் கடைவீதி என் தலைக்கு மேலேயே இருந்தது. இந்தியா கேட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையும் இப்படித்தான்: முதலில் கிங்ஸ்வே, பிறகு ராஜபாதை, 2022 முதல் கர்த்தவ்ய பத். ஆனால் என் விடுதித் தெரு முனையில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் இன்னமும் ராஜபாதையில்தான் ஓட்டுகிறார்கள்.

இவ்விடத்தில் விடுதி அம்மையாருக்கு நான் சற்று விரிவாகவே நன்றி சொல்ல வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை, தாங்கள் என்னை எங்காவது அழைத்துச் செல்வீர்கள் என்ற எதிர்பார்ப்போடு உடுத்திக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்தேன். தாங்களோ காலண்டர் தாளின் பின்புறத்தில் ஏதோ எழுதி என் கையில் திணித்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டீர்கள். எழுதியது முழுவதும் இந்தியில் இருந்தது. எனக்கு இந்தி படிக்கத் தெரியாது என்று மாடிப்படி வரை வந்து முறையிட்டேன். "தெரியும் பேட்டா, இது உனக்கு எழுதியதில்லை, வழியில் பார்க்கிறவர்களுக்கு எழுதியது" என்றீர்கள். அன்று எனக்குக் கோபமே வந்தது. ஆனால் அந்தத் தாளை நீட்டி நீட்டிப் பழ வண்டிக்காரர், பள்ளிச் சிறுவன், பேருந்து நடத்துநர் எனப் பலரிடம் படித்துக் காட்டச் சொன்னதில்தான் நான் இந்தி பேசக் கற்றேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு தாள் வந்தது. ஒவ்வொன்றிலும் இடத்தின் இரு பெயர்களும், நடுவில் ஒரு கோடும். இருபத்தாறு தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சனவரி மாதத்தில், எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் இறங்கிய இரவில், நான் கேட்காமலேயே தாங்கள் கொண்டுவந்து போர்த்திய பஞ்சு ரஜாய்க்கும் நன்றி. அதைத் திருப்பித் தர எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

குதுப் மினார் என்னும் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் குதுப் மினார் இருக்காது, மேலும் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரித்த தோழிக்கும், மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கும் கடமைப்பட்டுள்ளேன். மினாரைக் காட்டிலும் அதன் அருகிலுள்ள அப்பூங்காவே என் மனத்தில் நிற்கிறது. மினார் ஏறக்குறைய 73 மீட்டர் உயரம் என்பதை எந்த நூலும் சொல்லிவிடும். லோதி மன்னர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட "ராஜோன் கி பாவ்லி" என்னும் படிக்கிணற்றின் மேல்படியில் நின்று, இது அரசர்கள் நீராடிய கிணறா என்று கேட்டேன். பெரியவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ராஜா இல்லை, ராஜ்மிஸ்திரி" என்றார். கொத்தனார்களின் கிணறு! கரண்டியால் சாந்து பூசுவதுபோல் காற்றில் ஒருமுறை கையை வீசியும் காட்டினார். அதன் பின் அக்கிணற்றின் வளைவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைவீச்சே தெரிகிறது.

ஊர் நினைவு மிகுந்த ஒரு மாலையில், ராமகிருஷ்ணபுரத்தில் சிறு குன்றின்மேல் அமைந்த உத்தர சுவாமிமலை முருகன் கோயிலுக்குச் செல்ல விரும்பி, அப்பெயரையே ஆட்டோ ஓட்டுநரிடம் திருத்தமாக உச்சரித்தேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் "மலை மந்திர்" என்று குறுக்கே சொன்னதும் வண்டி புறப்பட்டுவிட்டது. வழியில் ஓட்டுநர், அங்கே மலாய் பிரசாதமாகக் கிடைக்குமா என்று கேட்டார். இந்தியில் மலாய் என்றால் பாலாடை. தமிழ் மலையும் இந்தி மந்திரும் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயரை விளக்குவதற்குள் கோயில் வந்துவிட்டது. முதல் மாதத்தில் என்னை ஊரெல்லாம் சுற்றவைத்து மும்மடங்கு வாங்கிய வேறோர் ஓட்டுநரை, இவருக்காக மன்னித்துவிட்டேன். 1946இல் தொடங்கப்பட்டு, இப்போது அதே பகுதியில் இயங்கிவரும் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சிகளுக்கு என்னை அழைத்துச் சென்று, அறிமுகமில்லாத என்னை "நம்ம வீட்டுப் பெண்" என்று எல்லாரிடமும் சொன்ன அக்காவுக்கும் நன்றி.

கடைசியாக ஒரு கடன் பாக்கியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை, சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில் பதேபூரி மசூதியைத் தாண்டிக் காரி பாவ்லிக்குச் சென்றேன். பெயருக்கு உவர்நீர்ப் படிக்கிணறு என்று பொருள்; இப்போது அங்கே கிணறு இல்லை, மூட்டை மூட்டையாக மிளகாயும் மஞ்சளும் ஏலமுமே உள்ளன. மிளகாய் மண்டிகளின் நெடி தொண்டையில் ஏறி, இருமலும் கண்ணீருமாக நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஒரு கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து, ஒரு சொம்புத் தண்ணீரும் தம் தோளில் கிடந்த சிவப்புக் கட்டமிட்ட துண்டும் கொடுத்தார். முகம் துடைத்துக்கொண்டு, துண்டோடு கூட்டம் தள்ளிய பக்கம் போய்விட்டேன். ஐயா, அந்தத் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதைக் கொடுப்பதற்காக இருமுறை வந்தேன். கண்ணீரில் அன்று தங்கள் கடைப் பலகையைப் படிக்க இயலவில்லையாதலால், ஒவ்வொரு கடையாக விசாரித்தும் தங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கள் கடைக்கும் சனங்கள் வாயில் வேறொரு பெயர் இருக்கக்கூடும். அடுத்த சனிக்கிழமை விடுதி அம்மையாரிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொண்டு மீண்டும் வருகிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
முனிர்காவில் வசிக்கும் தணிக்கைப் பயிற்சியாளர்